பத்து சதவீதத்துக்குக் கையெழுத்தை விற்காதீர்கள்



வழக்கமாக இந்தப் பக்கத்தில் பழைய பள்ளிக்கூடப் படங்களும் பிறந்தநாள் வாழ்த்துகளும்தான் போடுவேன். இன்று கோபத்தில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வீட்டில் ஒருவர் பட்டாளத்தில் இருப்பவர்களும், இருந்து வந்தவர்களும் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

முந்தாநாள் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையனின் மனைவி வீட்டுக்கு வந்தாள். பையன் என்கிறேன், இப்போது அவன் ஹவில்தார். வடக்கே எங்கேயோ மலைமேல் இருக்கிறான். வாரத்துக்கு ஒருமுறை போன் கிடைத்தால் அதிகம். அவள் கையில் அவனுடைய படிவம் 16.

"டீச்சர், இந்த வருசம் முப்பத்தொன்பதாயிரம் பிடிச்சிருக்காங்க. டவுன்ல ஒருத்தர் முப்பத்தஞ்சாயிரம் ரீஃபண்டு வாங்கித் தர்றேன்னு சொல்றார். அவருக்கு பத்து பெர்சன்ட் குடுத்தாப் போதுமாம். பான் கார்டு, ஆதார், பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாம் கேட்கிறார். குடுக்கலாமா?"

"எந்தக் கணக்கில் திரும்ப வரும் என்று கேட்டாயா?" என்றேன்.

"அதெல்லாம் அவர் பாத்துக்குவாராம். அவங்க யூனிட்லயே நெறைய பேர் இப்படித்தான் வாங்குறாங்களாம்."

வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. "டீச்சருக்கு என்ன, பென்ஷன் வருது" என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பாள். அவள் மீது எனக்குக் கோபம் இல்லை. ஏனென்றால் மூன்று வருடத்துக்கு முன் அவள் இடத்தில் நான் இருந்தேன். நான் "சரி" என்று சொன்னேன்.

இதை இதுவரை நெருங்கிய இரண்டு பேரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இன்று சொல்கிறேன்.

உங்களில் பலருக்கு என் வீட்டுக்காரரைத் தெரியும். "மிலிட்டரி சார்" என்று கூப்பிடுவீர்கள். சுதந்திர தினத்துக்கு வந்து உங்களை வரிசையில் நிற்க வைத்து, மிட்டாய் கொடுத்துவிட்டுப் போவார். சுபேதாராக ஓய்வு பெற்றவர். 2017இல் ஒரு விடியற்காலை நெஞ்சுவலி வந்து, ஆட்டோ வருவதற்குள் போய்விட்டார். அதன் பிறகு எனக்கு இரண்டு ஓய்வூதியம். ஒன்று என்னுடைய ஆசிரியர் ஓய்வூதியம், இன்னொன்று அவர் வழியாக வரும் குடும்ப ஓய்வூதியம்.

2022இல் என் ஓய்வூதியத்தில் பிடித்த வரியும், வங்கி டெபாசிட்டில் பிடித்த டிடிஎஸ்ஸும் சேர்ந்து முப்பதாயிரத்துச் சொச்சம் ஆகியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் ஒரு கடையைக் காட்டினார். காகிதங்களைக் கொடுத்தேன். போனில் வந்த எண்ணை வாசித்துச் சொன்னேன். ஆறு வாரத்தில் மொத்தமும் திரும்ப வந்தது. மூவாயிரத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். "பாருங்கள், கேட்டால் கிடைக்கிறது" என்று பெருமை வேறு.

2024 ஜனவரியில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி ஒருத்தி பொங்கலுக்கு வந்தாள். சும்மா பேசிக்கொண்டிருந்தபோது, "டீச்சர், உங்க கணக்கை ஒரு தடவை திறந்து பாத்துடலாமா?" என்றாள். திறந்தோம். அங்கே பதிவாகியிருந்த மின்னஞ்சல் முகவரி என்னுடையதே இல்லை. கடைக்காரர் உண்டாக்கியது. சரிபார்க்கச் சொல்லித் துறை அனுப்பிய செய்திகளெல்லாம் அங்கே போய்க் கேட்பாரற்றுக் கிடந்தன.

பிறகு நான் "எழுதியதாக" இருந்த கணக்கை வாசித்தாள். நான் பெயர்கூடக் கேள்விப்படாத ஓர் அறக்கட்டளைக்கு ஒரு லட்சம் நன்கொடை. எடுக்காத மருத்துவக் காப்பீட்டுக்கு ஐம்பதாயிரம் பிரீமியம். அதுவரை பொறுத்துக்கொண்டேன். அடுத்த வரியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். குடும்ப ஓய்வூதியம் முழுவதையும் பிரிவு 10(19)இன் கீழ் வரிவிலக்கு என்று காட்டியிருந்தார்கள்.

10(19) என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். படைவீரர் ஒருவர் களப்பணியில், அதாவது போரில், எல்லைச் சண்டையில், பயங்கரவாதிகளுடன் நடந்த மோதலில், வெளிநாட்டு அமைதி காக்கும் பணியில், இப்படி உயிர்விட்டால் அவர் குடும்பத்துக்கு வரும் ஓய்வூதியத்துக்கு வரி கிடையாது. இதுதான் அந்தப் பிரிவு.

அப்படியென்றால், என் வீட்டுக்காரர் களத்தில் செத்தார் என்று நான் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வீட்டுத் திண்ணையில், என் மடியில் தலை வைத்துப் போன மனிதரை!

அவர் 1987இல் இலங்கைக்குப் போனவர். அந்தப் போரின் சரி தப்பைப் பற்றி இங்கே பேச வரவில்லை. அவர் திரும்பி வந்தார். பேரக்கில் அவருக்குப் பக்கத்துக் கட்டில்காரர் திரும்பி வரவில்லை. அவரும் நம் வேடசந்தூர்ப் பக்கத்து ஆள்தான். அந்த வருடம் அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் போனார். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்த வீட்டுக்கு ஒரு பை பலகாரத்தோடு போய்வருவார். அந்தப் பெண்ணுக்குச் சேர வேண்டிய சலுகையில் என் பெயரை நுழைத்து நான் லட்டு கொடுத்திருக்கிறேன்.

அன்று இரவு தூங்கவில்லை. மறுவாரமே திருத்திய கணக்கு தாக்கல் செய்தோம். உண்மையான வரி, திரும்ப வாங்கிய பணம், அதற்கு மேல் 25 சதவீதம் கூடுதல் வரி எல்லாம் சேர்த்து 94,000 சொச்சம் கட்டினேன். அந்த மார்ச் 31ஐத் தாண்டியிருந்தால் கூடுதல் வரி 50 சதவீதம் ஆகியிருக்கும். துறை முந்திக்கொண்டு பொய்த் தகவல் என்று நடவடிக்கை எடுத்திருந்தால், மறைத்த வரியைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம். கடைக்காரர் என்ன கட்டினார்? ஒன்றும் இல்லை. என் மூவாயிரமும் அவரிடம்தான் இருக்கிறது. ஏனென்றால் கணக்கில் அவர் பெயரே கிடையாது. கையெழுத்து என்னுடையது.

கதை இதோடு முடியவில்லை.

பணம் கட்டிய பிறகு மனம் கேட்காமல் வேடசந்தூர்ப் பக்கம் அந்தத் தங்கச்சியைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், "உனக்கு வரிக் கணக்கெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்றேன். "எனக்குத்தான் வரியே இல்லைன்னு சொல்லிட்டாங்களே டீச்சரக்கா. அப்புறம் எதுக்குக் கணக்கு?" என்றாள். நிலம் விற்ற பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டிருக்கிறாள். வட்டி வருடத்துக்கு 1,60,000 ரூபாய். அதில் வருடா வருடம் 16,000 டிடிஎஸ் பிடித்திருக்கிறார்கள். அவளுடைய ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. இந்த வட்டி மட்டும் வரி வரம்புக்குள் வரவே வராது. 15எச் படிவம் ஒன்றை வங்கியில் கொடுத்திருந்தால் பிடித்திருக்கவே மாட்டார்கள். கணக்குத் தாக்கல் செய்திருந்தால் பிடித்ததெல்லாம் திரும்ப வந்திருக்கும். நான்கு வருடம், 64,000 ரூபாய்.

பொய் சொன்ன எனக்கு ஆறு வாரத்தில் பணம் வந்தது. உரிமை உள்ளவளுக்கு நான்கு வருடமாக வரவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: நம் கணக்கை நாம் படிப்பதில்லை.

இப்போது என் மாணவர்கள் எனக்குச் சொல்லும் சமாதானங்களுக்கு வருகிறேன்.

"எல்லாரும் செய்றதுதானே டீச்சர்." இதை நீங்கள் நான்காம் வகுப்பிலும் சொன்னீர்கள். வாய்ப்பாட்டைப் பார்த்து எழுதிவிட்டு, அவனும் பார்த்தான் என்பீர்கள். எல்லாரும் செய்தால் என்ன ஆகும் என்று கேரளத்தில் கண்ணூரைப் பாருங்கள். பொய்க் காரணம் காட்டி வரியைத் திரும்பப் பெற்றதாக 2023 ஜனவரியில் சிபிஐ 31 பேர் மீது வழக்குப் பதிவு செய்தது. அதில் 18 பேர் கடற்படைக்காரர்கள். மொத்தத் தொகை ஏறக்குறைய 44 லட்சம். ஆளுக்குப் பிரித்துப் பாருங்கள். ஒன்றரை லட்சம்கூட வராது. ஏஜென்ட் கேட்ட கூலி எவ்வளவு தெரியுமா? அங்கேயும் அதே பத்து சதவீதம். சீருடை போட்டவனுக்கு வழக்கு என்றால் வழக்கோடு நிற்காது. பதவி உயர்வு, ஓய்வூதியம், ஊரில் தலைநிமிர்ந்து நடப்பது எல்லாம் அதில் அடங்கும்.

"சின்னத் தொகைதானே, யார் பார்க்கப் போறாங்க?" இப்போது பார்ப்பது ஆள் இல்லை, கம்ப்யூட்டர். சம்பளம், வட்டி, நிலம் விற்றது எல்லாம் உங்கள் பான் எண்ணுக்குக் கீழே அவர்களிடம் இருக்கிறது. 2025 ஜூலை 14 அன்று, பொய்க் கழிவுகள் போட்டுக் கொடுக்கும் ஆட்களைக் குறிவைத்து நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை நடந்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. மொத்தமாகக் கணக்குப் போடுவதற்கென்றே மின்னஞ்சல்களை உண்டாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள், அதனால் நோட்டீஸ் யார் கண்ணிலும் படுவதில்லை என்று துறையே சொல்லியிருக்கிறது. படித்தபோது என் கதையை யாரோ எழுதியது போல் இருந்தது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தாங்களாகவே கணக்கைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்க்கான பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றிருக்கிறார்கள். 2025ஆம் வருடப் படிவத்திலோ காப்பீடு என்றால் பாலிசி எண், கடன் என்றால் கடன் கணக்கு எண் என்று கேட்டார்கள். இல்லாத பாலிசிக்கு எண் எங்கிருந்து வரும்?

"எல்லையில நிக்கிறவன்கிட்டயே வரி வாங்கலாமா?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நானும் கேட்கிறேன். ஃபீல்டு ஏரியா அலவன்சுக்கு மாதம் 2,600 ரூபாய் வரைக்கும்தான் விலக்கு. கிளர்ச்சி ஒடுக்கும் பகுதிக்கு 3,900. பதினைந்தாயிரம் அடிக்கு மேலே, மூச்சுவிடவே சிரமப்படும் இடத்தில் நிற்பவனுக்கு 1,600. விலைவாசி எங்கேயோ போயும் இந்த எண்கள் பல வருடமாக அசையவில்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்த விலக்குகளே கிடையாது. இது அநியாயம் என்றால் வாய்விட்டுக் கேளுங்கள். முன்னாள் படைவீரர் சங்கங்கள் இருக்கின்றன, மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, நாடாளுமன்ற உறுப்பினர் இருக்கிறார். மனு எழுத நான் உதவுகிறேன். ஆனால் நியாயம் கேட்பவன் கையில் பொய் இருக்கக் கூடாது. இருந்தால் அவன் குரல் எழும்பாது.

"நமக்கு இங்கிலீஷ் வராது டீச்சர்." இதற்கு மட்டும் என்னிடம் பதில் கொஞ்சம் குறைவு. அந்தப் படிவத்தில் உள்ள சொற்கள் நம் பெண்களுக்குப் புரிகிற சொற்கள் இல்லை. கணவன் பனியில் நிற்கிறான், பிள்ளைகளையும் வங்கியையும் கரண்டு பில்லையும் பார்ப்பவள் இவள். இவளுக்கு இவள் மொழியில் நாலு பக்கம் எழுதிக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த இடைவெளியில்தான் பத்து சதவீதக்காரன் நாற்காலி போட்டு உட்காருகிறான். ஆகவே எனக்குத் தெரிந்ததை நானே எழுதுகிறேன். இதெல்லாம் சட்டம் நமக்குக் கொடுத்திருப்பது. கேட்பதில் வெட்கம் இல்லை.

ஒன்று: பணியில் இருப்பவர்கள் பழைய முறை, புதிய முறை இரண்டிலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளக்காரர்கள் வருடா வருடம் மாற்றிக்கொள்ளலாம். பழைய முறையில் மேலே சொன்ன படிகளுக்கு விலக்கு உண்டு. சம்பளத்தில் பிடிக்கும் ஏஎஃப்பிபி சேமநிதி, ராணுவக் குழுக் காப்பீடு, பிள்ளைகளின் பள்ளிக் கல்விக் கட்டணம் எல்லாம் 80சி-யில் ஒன்றரை லட்சம் வரை கழியும். பொய் எழுதத் தேவையே இல்லை, உண்மையை முழுதாக எழுதினாலே போதும். ஆனால் பழைய முறை வேண்டுமென்றால் கடைசி நாளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். தாமதமானால் அந்த வழி அடைபட்டுவிடும். 2025இல் கடைசி நாளை செப்டம்பர் 15 வரை தள்ளினார்கள்.

இரண்டு: ஓய்வு பெற்று வந்தவர்களின் ஓய்வூதியம் சம்பளம் போலத்தான். புதிய முறையில் 75,000 நிலைக் கழிவு, பழைய முறையில் 50,000. ஸ்பர்ஷ் தளத்தில் படிவம் 16 கிடைக்கும்.

மூன்று: சாதாரணக் குடும்ப ஓய்வூதியம், அதாவது என்னைப் போன்றவர்களுக்கு வருவது, "இதர வருமானம்". அதில் மூன்றில் ஒரு பங்கு அல்லது 15,000, எது குறைவோ அது கழியும். புதிய முறையில் அந்த 15,000 இப்போது 25,000. களத்தில் உயிர்விட்டவர் குடும்பத்துக்கு முழு விலக்கு. பரம்வீர், மகாவீர், வீர் சக்ரா பெற்றவர்களின் ஓய்வூதியத்துக்கும், அவர்கள் குடும்ப ஓய்வூதியத்துக்கும் விலக்கு உண்டு.

நான்கு: ஒரே பதவி ஒரே ஓய்வூதிய நிலுவை 2023லும் 2024 தொடக்கத்திலுமாகப் பலருக்கு மொத்தமாக வந்தது. அது 2019 ஜூலையிலிருந்து சேர்ந்த பணம். வந்த வருடத்தில் மொத்தமாகக் காட்டினால் வரி ஏறும். பிரிவு 89இல் நிவாரணம் உண்டு. அதற்குப் படிவம் 10இ-யை முதலில் தாக்கல் செய்துவிட்டுத்தான் வருமானக் கணக்கைப் போட வேண்டும். இனி எந்த நிலுவை வந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஐந்து: வரி வராது என்றால் கணக்கே வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள். 15எச், அறுபது வயதுக்குக் கீழே என்றால் 15ஜி, தகுதி இருந்தால் ஏப்ரலிலேயே வங்கியில் கொடுங்கள். டிடிஎஸ் பிடித்துவிட்டார்களா, கணக்குப் போட்டுத் திரும்ப வாங்குங்கள். நாள் கடந்திருந்தாலும் 5 வருடம் வரை மன்னிப்புக் கேட்டு மனு போட வழி இருக்கிறது. வேடசந்தூர்த் தங்கச்சிக்கு அந்த மனுவைத்தான் போட்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலிலிருந்து வரும் வருமானத்துக்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு 12,75,000. நம் ஹவில்தார், நாயப் சுபேதார் வீடுகளில் பெரும்பாலோர் அதற்குள் அடங்கிவிடுவார்கள். கடையை மூட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பத்து சதவீதக்காரருக்குத் தெரியும். அதனால்தான் இந்த வருடம் இவ்வளவு வேகமாகக் கூப்பிடுகிறார்.

கூலி கொடுத்து ஒருவரிடம் கணக்குப் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குக் கூலி கேட்பார்கள், வரும் பணத்தில் பங்கு கேட்க மாட்டார்கள். பங்கு கேட்பவர் எழுந்து வரச் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். அனுப்பும் முன் முழுக் கணக்கையும் வாங்கிப் படியுங்கள். மின்னஞ்சலும் போன் எண்ணும் உங்களுடையதா என்று பாருங்கள். அதன் பிறகு ஓடிபியை நீங்களே போடுங்கள்.

நாம் திண்டுக்கல்காரர்கள். பூட்டைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுத்த ஊர், தன் வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை முன்பின் தெரியாதவன் கையில் கொடுக்கலாமா? அந்த ஓடிபிதான் சாவி.

முந்தாநாள் வந்த அந்தப் பெண்ணுக்கு: நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கோபப்படாதே அம்மா. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வீட்டுக்கு வா. படிவம் 16, வங்கிப் பாஸ்புக், அவன் சம்பளச் சீட்டு எடுத்து வா. மற்றவர்களும் வரலாம். செப்டம்பர் 14 வரை எல்லா ஞாயிறும் திண்ணையில் இருப்பேன். அந்த ஆடிட்டர் அலுவலகப் பெண்ணும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். காசு எதுவும் வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை, வகுப்பில் இருந்ததுதான். உனக்காக நான் எழுத மாட்டேன். நீ எழுது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் டீச்சர்